பழைய பிக்கப் ட்ரக்கின் ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்மிஷன் (கியர் பெட்டி) போய்விட்டது. 4,000 டாலர் போட்டு மாற்றலாமா, விற்றுவிடலாமா?

இரண்டுமே இப்போது வேண்டாம். முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள். ட்ரான்ஸ்மிஷனைப் பற்றிக் கேட்டால் ரேடியேட்டரைச் சொல்கிறானே என்று தோன்றும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் 3,600 டாலரை விட்டவன் நான். அந்த வலி இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

45 மைல் வேகத்தில் உதறுகிறது, கடையில் ட்ரான்ஸ்மிஷன் போச்சு என்றார்கள் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இருக்கிறீர்கள், 2005ஐ ஒட்டிய மாடல், 1,50,000 மைல் தாண்டிய வண்டி என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னுடையது 2006 மாடல், 5 கியர் ஆட்டோமேட்டிக். கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். ஹூஸ்டனுக்கு மேற்கே வீடு, கொஞ்சம் பெரிய தோட்டம். மண்ணும் உரமும் ஏற்றுவதற்காக 2015இல் 98,000 மைல் ஓடிய நிலையில் வாங்கினேன். நாலு வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. 2019 கோடையில் ஆரம்பித்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் வெட்டிவிட்டிருக்கும் பள்ளங்கள் மேல் டயர் ஏறினால் கடகடவென்று அதிருமே, அதே மாதிரி 40, 45 மைல் வேகத்தில் ஓர் அதிர்வு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். டயர்தான் என்று நினைத்து வீல் பேலன்ஸ் செய்தேன். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன். ஒரு ஞாயிறு, பின்னால் ட்ரெய்லர், பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் பையன். ஐ-10 நெடுஞ்சாலையில் எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பதினெட்டுச் சக்கர லாரிகள் உரசுவதுபோல் போய்க்கொண்டிருக்க, ஓரத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

இழுத்துப்போன கடையில் ஸ்கேனரைச் செருகி, பி0700 என்ற கோடு (பிழைக் குறியீடு) வருகிறது, ட்ரான்ஸ்மிஷன் மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தக் கோடு தீர்ப்பு இல்லை என்று எனக்குத் தெரியாது. "ட்ரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, போய்ப் பார்" என்பதுதான் அதன் பொருள். கூடவே வேறு என்ன கோடு இருக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. ரீபில்ட் செய்த, அதாவது பழையதைப் பிரித்துப் புதுப்பித்த, ட்ரான்ஸ்மிஷனைப் போட்டார்கள், பணத்தைக் கட்டினேன்.

நாலே மாதம். அதே உதறல். கொண்டுபோனால், "ட்ரான்ஸ்மிஷன் ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கிறது, வாரன்டி செல்லாது" என்றார்கள். கூலன்ட் என்பது எஞ்சினை ஆறவைக்க ரேடியேட்டரில் ஓடும் திரவம். கலந்திருப்பது இப்போது தெரிகிறதே, பழையதைக் கழற்றும்போது தெரியவில்லையா என்று கேட்டேன். பதில் இல்லை.

உண்மையை விளக்கியவர் வீட்டுப் பின்புறம் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்ஸிகோக்காரப் பெரியவர். ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஆயிலை நாலு சொட்டு விட்டுக் காட்டினார். சிவப்பாக, தெளிவாக இருக்க வேண்டியது ரோஸ்மில்க் நிறத்தில் கலங்கியிருந்தது.

பல வண்டிகளில் ட்ரான்ஸ்மிஷன் ஆயிலை ஆறவைக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். வருஷங்கள் போகப் போக அது விரிசல் விடும். வண்டி ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகம், அது கூலன்ட்டுக்குள் கசியும். நிறுத்தியதும் ஆயிலில் அழுத்தம் போய்விடும், சூடான ரேடியேட்டரில் அழுத்தம் நிற்கும். அப்போது கூலன்ட் இந்தப் பக்கம் வரும். உள்ளே கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற ஒரு பொருள். கூலன்ட்டில் இருக்கும் தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் சேர்ந்து அதை ஊறவைத்துப் பசையைக் கழற்றிவிடும். விரிசல் விட்ட ரேடியேட்டரோடு எத்தனை புது ட்ரான்ஸ்மிஷன் போட்டாலும் இதே கதிதான்.

பெரியவர் பழைய இரும்புக் கடையிலிருந்து 900 டாலருக்கு ஒரு ட்ரான்ஸ்மிஷனை எடுத்துவந்தார். புது ரேடியேட்டர் போட்டார். ஆயிலை ரேடியேட்டர் பக்கமே விடாமல், முன்னால் தனியாக ஒரு கூலர் வைத்தார். கூலி சேர்த்து 2,000 டாலருக்குள் முடிந்தது. இப்போது 2,12,000 மைல், ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் மெக்கானிக் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். ஆயிலை மாற்றினாலே போதும் என்று யாராவது சொல்வார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் சரியாகலாம். ஆனால் அடித்தட்டைக் கழற்றி வடித்தால் பாதி ஆயில்கூட வராது, மீதி, எஞ்சினையும் ட்ரான்ஸ்மிஷனையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். கிளட்ச் தட்டில் ஒட்டியிருப்பது கழன்றபின் அதிலும் பயனில்லை. இன்னொன்று, நீங்கள் பனி கொட்டும் வடக்கு மாநிலம் என்றால், சாலையில் தூவும் உப்பு சேஸிஸை அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அரித்திருந்தால் 500 டாலர்கூடப் போடாதீர்கள்.

விற்றுவிட்டு ஒரு கார் வாங்கு என்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இந்த ட்ரக் ஓடிய காலமெல்லாம் "அண்ணா, சனிக்கிழமை வண்டி ஃப்ரீயா?" என்று எத்தனை போன்! சோஃபா, கட்டில், பொங்கல் விழாப் பாத்திரம், மேடைப் பலகை, எல்லாம் இதில்தான் போனது. அது மூன்று வாரம் படுத்திருந்தபோது, காலையில் என்னை ஆபீஸில் இறக்கிவிட முடியுமா என்று நாலு பேரைக் கேட்டேன். ஒருவரும் வரவில்லை. அதில் ஒருவர், "இந்த லாரியை ஏன் கட்டி அழறீங்க" என்றார். அவர் வீட்டு டைனிங் டேபிள் வந்தது அந்த லாரியில். 2021 பிப்ரவரி உறைபனியில் குழாய்கள் வெடித்து, ஹூஸ்டனில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்களே, அப்போது எங்கள் தெருவுக்குத் தண்ணீர் பாட்டில் ஏற்றிவந்ததும் இதுதான். அவர் வீட்டுக்கும் இரண்டு பெட்டி இறக்கினேன்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பாக ரோஸ் நிறத்தில் ஒட்டினால் அதற்குமேல் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். கூலன்ட் சுத்தமாக இருந்தாலும் ஆயிலை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அளவுக் குச்சி இல்லாத மாடல் என்றால் அடியில் இருக்கும் திருகைக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள். என்ன நிறம் என்று எழுதுங்கள். அதற்கு முன்னால் அந்தக் கடைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.