அபிஷேகப்பட்டியில் இறங்குங்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் ஆலங்குளத்துக்காரன். பி.காம் முடித்துவிட்டு ஒரு மாலைப் பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கிறேன். விபத்து, கோயில் கொடை, குறைதீர் கூட்டம் என்று போகிறது. வணிகச் செய்தி எழுத ஆசை. ஆசிரியரிடம் சொன்னால், "அதெல்லாம் சென்னை, மும்பைக்காரங்க வேலை" என்கிறார். அதற்கான படிப்புக்குக் கட்டணம் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்கவைத்தார். இனியும் அவரிடம் கேட்க மனம் வரவில்லை. ஊரில் இருந்தபடியே கற்றுக்கொள்ள வழி உண்டா? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

உண்டு. நீங்கள் திருநெல்வேலிக்கு வரும் பஸ் அபிஷேகப்பட்டி வழியாகத்தான் வருகிறது. அங்கே இறங்கி, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போங்கள். வெளியாள் என்றால் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். படித்த கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிப்போய், உட்கார்ந்து படிக்க அனுமதி கேளுங்கள்.

ஏன் நூலகம் என்கிறேன் என்றால், நான் பட்ட அடி அப்படி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மில்லின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன். "லாபம் இரண்டு மடங்கு" என்று மேடையில் சொன்னார்கள். அப்படியே எழுதினேன், தலைப்பாகவும் வந்தது. நான்கு மாதத்தில் அதே மில்லில் ஒரு பிரிவை மூடி ஆட்களை வெளியே அனுப்பினார்கள். வாசலில் நின்ற ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "லாபம்னு நீங்கதான எழுதுனிய?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போய், அந்த மில்லின் ஆண்டறிக்கை கிடைக்குமா என்று கேட்டேன். நூலகர் எடுத்து வந்து, முன்பக்கத்துப் படங்களையும் தலைவர் உரையையும் தள்ளிவிட்டுப் பின்னால் திருப்பினார். ஒரு வரியின் கீழே பென்சிலை வைத்தார். 'இதர வருமானம்.' அதற்கான குறிப்பு வேறொரு பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. நிலம் விற்ற பணம். மில்லில் நூற்ற நூலை விற்று வந்த லாபம் முந்தைய வருடத்தைவிடக் குறைவு. எல்லாம் அச்சில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

அமெரிக்காவில் என்ரான் என்ற எரிசக்தி கம்பெனி உச்சத்தில் இருந்தபோது, பெத்தானி மெக்லீன் என்ற நிருபர், இவர்கள் எப்படித்தான் பணம் சம்பாதிக்கிறார்கள் என்று 2001 மார்ச்சில் ஃபார்ச்சூன் இதழில் கேட்டார். எல்லோருக்கும் திறந்திருந்த கணக்கு அறிக்கைகளைப் படித்து எழுந்த கேள்வி அது. அந்த டிசம்பரிலேயே கம்பெனி திவாலானது.

நம் பக்கத்திலேயே தொடங்கலாம். தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கியது, 1962-இல் இந்தப் பெயருக்கு மாறியது, 2022-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்போது வெளியிட்ட பிராஸ்பெக்டஸ், அதாவது பங்கு விற்கும்முன் கொடுக்கும் விவர அறிக்கை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் இணையதளத்தில் இலவசம். அதில் 'இடர்கள்' பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். ஒரு நிறுவனம் தன் வழக்குகளையும் பலவீனங்களையும் தானே எழுதிக்கொடுக்கும் இடம் அதுதான். பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி என்றால், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆவணங்களைப் பார்க்கலாம்.

அப்புறம், 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடக்கிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மாணவருக்கும் ஆசிரியருக்கும் உரியது அது. உங்களுக்கு எது கிடைக்கும் என்று நூலகரிடம் கேளுங்கள். பல்கலைக்கழக ஆய்வேடுகள் உள்ள 'சோத்கங்கா' இணையதளம் எல்லோருக்கும் இலவசம். அதில் நெல்லைப் பீடித் தொழிலாளர் பற்றியே ஆய்வேடுகள் இருக்கின்றன.

நூலகரிடம் போய் "பிசினஸ் பற்றி ஏதாவது குடுங்க" என்று மட்டும் நிற்காதீர்கள். "பீடி இலை எங்கிருந்து வருகிறது, யார் ஏலம் விடுகிறார்கள், விலை எங்கே பதிவாகிறது?" என்று கேளுங்கள். குறிப்பான கேள்வி வந்தால் நல்ல நூலகர் நாற்காலியை விட்டு எழுந்து வருவார். அந்த உதவியைத் தருவதும் அவர் வேலைதான், கேட்கக் கூச்சப்படவேண்டாம்.

பீடியைச் சும்மா சொல்லவில்லை. உங்கள் வீட்டுத் திண்ணையில் நடப்பதைவிட நல்ல வணிகச் செய்தி எனக்குத் தெரியவில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் பறித்த இலை, அம்மாவின் மடியிலிருக்கும் தட்டுக்கு வருகிறது. ஆயிரம் பீடிக்கு என்று எடைபோட்டு இலை கொடுக்கிறார்கள். ஓட்டையும் காய்ந்ததும் கழிந்தால் ஆயிரம் தேறாது. குறைகிற இலையை அம்மா யார் காசில் வாங்குகிறார்? கழித்துப்போடும் பீடிக்குக் கூலி உண்டா? பி.எஃப். கணக்கில் பணம் ஏறுகிறதா? அம்மாவிடம் ஒரு வாரம் இதைக் குறித்துவாருங்கள். பீடித் தொழிலாளருக்கென்று 1966-இல் வந்த தனிச் சட்டத்தையும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பையும், அரசு அறிவித்த கூலியையும் நூலகத்தில் எடுத்து, குறித்த நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அரசு சொன்ன கூலிக்கும் அம்மா கைக்கு வந்ததற்கும் நடுவில் உள்ள தொகைதான் உங்கள் முதல் செய்தி. சென்னையில் இருக்கும் நிருபருக்கு அந்த நோட்டு கிடைக்காது.

கூடவே ஏதாவது ஒரு கம்பெனியின் மூன்று வருட ஆண்டறிக்கைகளைப் பின்பக்கத்திலிருந்து படித்துவாருங்கள். லாபம் கூடிக்கொண்டே போய், தொழிலிலிருந்து வரும் ரொக்கம் குறைந்துகொண்டே வந்தால் அங்கே நிறுத்துங்கள். ஏன் என்று புரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள். பக்க எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், நானும் அதே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொள்கிறேன்.