பழைய வண்டி கேள்வி பதில்: பார்க்கில் போட்டும் உருளும் பிக்கப்

கேள்வி: ஐயா, டெக்சாஸில் சான் அந்தோனியோ பக்கம் இருக்கிறேன். என்னிடம் 1976 ஃபோர்ட் எஃப்-100 பிக்கப் இருக்கிறது. 360 வி8 எஞ்சின், சி6 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், கியர் லிவர் ஸ்டீயரிங் காலத்தில் (ஸ்டீயரிங் சக்கரத்தைத் தாங்கும் தூணில்). சில மாதமாக லிவர் தொளதொளவென்று ஆடுகிறது. பார்க்கில் போட்டு லிவரை மேலே நெட்டிப் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. முள் ‘டி’ (டிரைவ்) காட்டினாலும் வண்டி நகர்வதில்லை; லிவரை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினால் நகர்கிறது. போன வாரம் வீட்டு வாசல் சரிவில் பார்க்கில் நிறுத்தி இறங்கினேன், வண்டி மெதுவாகப் பின்னால் உருண்டது. இங்கே ஒரு பட்டறையில் கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். செய்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முதலில் டிப்ஸ்டிக்கை உருவி எண்ணெயைப் பாருங்கள். சிவப்பாக, கருகல் வாடை இல்லாமல் இருந்தால் கியர் பெட்டி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் பெட்டிக்கு வெளியே உள்ள கோளாறைத்தான் காட்டுகிறது. உங்கள் கை ஒன்று சொல்கிறது, கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேர்வது வேறொன்று. நடுவில் உள்ள கம்பியும் புஷ்ஷும் (மூட்டுத் துளையில் செருகும் சின்ன வளையம்) தேய்ந்துவிட்டன. சரிசெய்கிற வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். நீங்கள் லிவரை அசைத்தால் ஸ்டீயரிங் காலத்துக்குள் ஒரு குழாய் திரும்புகிறது. அதன் அடிக்கோடியில், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) தாண்டி, ஒரு சின்னக் கை இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி கியர்பாக்ஸின் இடது பக்கத்துக்குப் போகிறது. சில வண்டிகளில் கம்பி நேராகப் போகும், சிலவற்றில் நடுவே ஒரு பெல்கிராங்க் (அசைவின் திசையை மாற்றும் இரும்புக் கை) இருக்கும். பெட்டியின் பக்கத்தில் உள்ள லிவர் உள்ளே ஒரு வால்வை நகர்த்துகிறது. அந்த வால்வு எந்தப் பள்ளத்தில் போய் உட்காருகிறதோ, எண்ணெய் அழுத்தம் அந்த வழியில் போகும். பாதியில் நின்றால் அழுத்தம் முழுதாக வராது, கிளட்ச் தகடுகள் வழுக்கி எரியும். இதைக் கவனிக்காமல் ஓட்டி, கடைசியில் உண்மையிலேயே பெட்டியை மாற்றும்படி ஆனவர்கள் உண்டு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வண்டிக்கு அடியில் போகும் முன், சமதரையில் நிறுத்தி நான்கு சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். ஹேண்ட்பிரேக் போடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தூக்குவதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். கம்பியைக் கழற்றியபின் கை பட்டு பெட்டியின் லிவர் நியூட்ரலுக்குப் போனால், உங்களுக்கு மேலே இருக்கும் வண்டியைப் பிடித்து வைப்பது அந்தக் கட்டைகள்தான்.

இனி வீட்டில் யாரையாவது சீட்டில் உட்கார வைத்து, லிவரை பார்க்கிலிருந்து கடைசி நிலையான 1 வரைக்கும் திரும்ப மேலேயும் மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடக் கூடாது. டார்ச்சோடு நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். மேலே கை நகர்ந்த பின்பும் எந்த இடம் அசையாமல் நிற்கிறதோ, ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

முதல் சந்தேகம் கம்பி நுனிகளில் உள்ள புஷ் மேல். ரப்பரோ நைலானோ, விரல் நகம் அளவுதான் இருக்கும். ஐம்பது வருடச் சூட்டிலும் எண்ணெயிலும் ஊறி, தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். பல வண்டிகளில் அதுகூட மிச்சம் இருக்காது, இரும்புத் துளைக்குள் இரும்புக் கம்பி வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். துளையின் விளிம்பைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்து துளை நீண்டிருந்தால் புது புஷ்ஷும் அதில் நிற்காது. துளையுள்ள அந்த இரும்புக் கையை மாற்றுங்கள், இல்லையென்றால் வெல்டு வைத்து நிரப்பி அளவுக்குத் திரும்பத் துளையிடச் சொல்லுங்கள். கம்பி நுனியும் தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, காலத்தின் அடியில் குழாயைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ். அது உடைந்திருந்தால் குழாய் முழுவதுமே ஆடும். மேலே லிவரைப் பிடிக்கும் பின்னும் அதன் துளையும் தேய்ந்திருந்தாலும் கைக்கு இதே தொளதொளப்புதான் தெரியும். பலர் மறந்துவிடுவது எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், அதாவது அவற்றைத் தாங்கும் ரப்பர் பிடிகள். காலம் கேபினோடு இருக்கிறது, பெட்டி எஞ்சினோடு தொங்குகிறது. மவுண்ட் ரப்பர் கிழிந்து எஞ்சின் எழும்பினால் இரண்டுக்கும் நடுவிலான தூரம் மாறும். நீங்கள் எவ்வளவு அழகாக அட்ஜஸ்ட் செய்தாலும் அது நிலைக்காது.

புது புஷ் போடுவது கொஞ்சம் பொறுமையான வேலை. வெந்நீரில் சிறிது நேரம் போட்டு வைத்தால் இளகும். சிலிகான் கிரீஸ் தடவி, சி-கிளாம்பும் பொருத்தமான சாக்கெட்டும் வைத்து அழுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் புஷ்ஷின் விளிம்பு கிழிந்துவிடும். புஷ் போட்டபின் கம்பி நுனி ‘டக்’ என்று உள்ளே உட்கார வேண்டும். கையால் இழுத்தால் வரக் கூடாது.

ஆட்டம் எல்லாம் போனபிறகுதான் அட்ஜஸ்ட்மென்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு நட்டைத் திருகி ‘டி’க்குச் சரி செய்தால் பார்க் போய்விடும், பார்க்குக்குச் சரி செய்தால் ‘டி’ போய்விடும்.

லிவரை ‘டி’யில் வையுங்கள். உங்கள் பக்கம் இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்தினால் ஒரு தடுப்பில் போய் முட்டும். அந்தத் தடுப்பை ஒட்டியே லிவர் நிற்க வேண்டும். சீட்டில் இருப்பவர் பிடித்துக்கொள்ளட்டும், ஆள் இல்லையென்றால் லிவரில் ஏதாவது கனமாகத் தொங்கவிடுங்கள். முள் எங்கே காட்டுகிறது என்பதை இப்போது பார்க்கவே வேண்டாம். கீழே கம்பியை இறுக்கும் நட்டைத் தளர்த்தி, பெட்டியின் லிவரைக் கையால் நகர்த்துங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ‘கிளிக்’ கையில் தெரியும். ஒரு கடைசி முனை பார்க்: அதில் டிரைவ் ஷாஃப்ட்டைத் திருப்பினால் திரும்பாது. அங்கிருந்து எண்ணுங்கள்: பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், நான்காவது ‘டி’. அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில் லிவர் தானாக நிற்கட்டும். கம்பியை இழுக்காமல், தள்ளாமல், இருந்த நிலையிலேயே நட்டை இறுக்குங்கள். சி6-இல் ஒரே மையத்தில் இரண்டு லிவர் இருக்கும். வெளித்தண்டில் இருப்பதுதான் கியருக்கு; உள்தண்டில் இருப்பது கிக்டவுனுக்கு (ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் கீழ் கியருக்கு இறக்குவது), அதைத் தொடாதீர்கள்.

பிறகு ஒவ்வொரு நிலையையும் சோதியுங்கள். மேலே லிவர் நிற்கும் இடத்திலேயே கீழேயும் ‘கிளிக்’ விழ வேண்டும். பேட்டரியை மாட்டி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட் ஆக வேண்டும். மற்ற இடத்தில் ஸ்டார்ட் ஆனாலோ, இந்த இரண்டில் ஆகாவிட்டாலோ மற்ற நிலைகளில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் நியூட்ரல் சேஃப்டி சுவிட்சைச் சரி செய்ய வேண்டும். கம்பி சரியான பிறகு செய்கிற வேலை அது. முன்னாலேயே சுவிட்சை நகர்த்தி ஸ்டார்ட் ஆக்கியவர்கள் கோளாறை மூடி மறைத்தவர்கள். முள்ளைத் திருத்துவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இவ்வளவும் செய்த பிறகும் ‘டி’யில் வழுக்கினால் அப்போது பெட்டியைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஹேண்ட்பிரேக் போடுவதே இல்லை. பார்க் போதாதா? (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: போதாது அம்மா. பார்க் என்பது பெட்டிக்குள் ஒரு சின்ன இரும்பு நாக்கு பல்சக்கரத்தில் விழுவதுதான். லிவர் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் தங்கிவிட்டால் நாக்கு முழுதாக விழாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், அதிர்விலோ கதவை அறைந்து சாத்தும்போதோ வண்டி ரிவர்ஸில் போய்விடலாம். இது கற்பனை இல்லை. 1970-களின் ஃபோர்ட் வண்டிகளைப் பற்றி இப்படிப்பட்ட புகார்கள் குவிந்து அமெரிக்க அரசு விசாரித்தது. 1980-இல் ஒப்பந்தம் ஆகி, சுமார் 2.3 கோடி வண்டிகளின் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்பப்பட்டது. பார்க்கில் சரியாகப் போடுங்கள், ஹேண்ட்பிரேக்கை முழுதாகப் போடுங்கள், எஞ்சினை அணையுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஒரு ஸ்டிக்கர் போதுமா என்ற கோபம் பலருக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது. ஆனால் அதில் எழுதியிருந்தது எந்த வண்டிக்கும் பொருந்தும். சரிவில் முதலில் ஹேண்ட்பிரேக், வண்டியின் பாரம் அதில் நின்றபின் பார்க்.

கேள்வி: கோயம்புத்தூரில் தாத்தாவின் பிரீமியர் பத்மினி இருக்கிறது. அதிலும் ஸ்டீயரிங் பக்கம்தான் கியர். லிவர் ஆடுகிறது, ரிவர்ஸ் சிக்குகிறது. எஃப்-100 வைத்தியம் இதற்கும் ஆகுமா?

பதில்: தேடும் முறை ஆகும், அட்ஜஸ்ட்மென்ட் ஆகாது. உங்களுடையது மேனுவல். கியரைத் தேர்ந்தெடுக்க ஓர் அசைவு, போட இன்னோர் அசைவு என்று இரண்டு வேலை நடக்கிறது. தேய்மானம் எதில் என்று தனித்தனியே பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், கிளட்ச் முழுதாக விடுகிறதா என்று பாருங்கள். எஞ்சினை அணைத்தபோது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் சிக்கினால் கிளட்ச்சைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அணைத்தபோதும் சிக்கினால் காலத்தின் அடியில் உள்ள புஷ்களிலிருந்து ஆரம்பியுங்கள்.