அப்பத்தா, நீங்க எப்ப விளம்பரத்துக்குப் போனீங்க?

கேள்வி: போன மாதம் காரைக்குடியில் ஒரு கடையில் கண்டாங்கிச் சேலை எடுத்தேன். கல்லாவில் இருந்த தம்பி, "ஆச்சி, ஃபேஸ்புக்ல நம்ம பேஜுக்கு ஒரு லைக் போட்டு விடுங்க, 100 ரூபா குறைச்சுக்கிறேன்" என்றார். போட்டேன். இரண்டு வாரம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து பேத்தி கூப்பிட்டு, "அப்பத்தா, நீங்க எப்ப சேலைக் கடை விளம்பரத்துக்குப் போனீங்க?" என்று சிரிக்கிறாள். அவளுக்கு வந்த விளம்பரத்தின் மேலே என் பெயர் இருந்ததாம். என்னைக் கேட்காமல் இப்படிச் செய்யலாமா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: 100 ரூபாய்க்கு உங்கள் பெயர் போயிருக்கிறது ஆச்சி, ரொம்ப மலிவு. ஆனால் கடைத் தம்பியை மட்டும் திட்டாதீர்கள். பணம் கட்டி விளம்பரம் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. அதைப் பார்க்கப்போகிறவருக்குத் தெரிந்த ஆள் யாராவது அந்தப் பக்கத்துக்கு லைக் போட்டிருக்கிறாரா என்று தேடிப் பிடித்து, 'இன்னாருக்கு இது பிடித்திருக்கிறது' என்று மேலே ஒட்டுவது ஃபேஸ்புக். முன்பின் தெரியாத கடை எத்தனை தடவை கூவினாலும் தள்ளிவிட்டுப் போகிற பேத்தி, அப்பத்தா பெயரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றாள் இல்லையா, அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் காசு.

இது பழைய சண்டை. லைக் போட்டவர்களின் பெயரையும் படத்தையும் விளம்பரமாக்கும் வேலையை ஃபேஸ்புக் 2011-ல் 'ஸ்பான்சர்டு ஸ்டோரீஸ்' என்ற பெயரில் தொடங்கியது. எங்களைக் கேட்கவும் இல்லை, எங்களுக்குக் காசும் இல்லை என்று அதே வருஷம் கலிபோர்னியாவில் சிலர் வழக்குப் போட்டார்கள். 2013-ல் 2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. கோரிக்கை அனுப்பியவர்களுக்கு ஆளுக்கு 15 டாலர் கிடைத்தது, உங்கள் 100 ரூபாயை விட கொஞ்சம் கௌரவமான தொகை. 2014-ல் அந்தப் பெயரில் விளம்பரம் விற்பதை நிறுத்தினார்கள். பெயரை ஒட்டுகிற பழக்கம் போகவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி.

'நீங்கள்தான் விதிமுறைகளை ஒப்புக்கொண்டீர்களே' என்பார்கள். ஒப்புக்கொண்டோம், சரி. நம் பக்கம் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்று திருமண ஒப்பந்தம் எழுதுகிறோமே, எந்த ஊர், எந்தக் கோயில், யார் மகன், யார் மகள் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பொறுமையாக எழுதுவதற்குப் பெயரிலேயே இசைவு இருக்கிறது. பக்கம் பக்கமாக நீளும் விதிமுறையைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு அடியில் உள்ள நீலப் பொத்தானைத் தொடுவதை அதோடு ஒன்றாக வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஐரோப்பாவிலும் இதே தகராறுதான்: விளம்பரத்துக்கென்று தனியாகச் சம்மதம் கேட்காமல், பயன்படுத்தும் ஒப்பந்தத்திலேயே அது அடக்கம் என்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா சொன்னதை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் ஏற்கவில்லை, அதன்படி அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஜனவரியில் 39 கோடி யூரோ அபராதம் போட்டது.

இப்போது செய்ய வேண்டியது: ஃபேஸ்புக்கில் விளம்பரங்களுக்கான அமைப்புகளுக்குள் போனால், உங்கள் லைக்கை விளம்பரத்தோடு சேர்த்து யார் பார்க்கலாம் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே 'நண்பர்கள்' என்பதை 'நான் மட்டும்' என்று மாற்றுங்கள். இந்த மெனுவை அடிக்கடி இடம் மாற்றி வைப்பார்கள், கிடைக்காவிட்டால் சிரித்த பேத்தியையே தேடித் தரச் சொல்லுங்கள். கடைக்குப் போட்ட லைக்கையும் எடுத்துவிடலாம். தம்பி 100 ரூபாயைத் திருப்பிக் கேட்கத் தேவகோட்டைக்கு வரமாட்டார்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்கள் தங்க விடுகிறோம். வந்தவர்கள் எழுதிய நோட்டில் ஆறு வருஷத்து போன் நம்பர்கள் இருக்கின்றன. அவற்றை ஏற்றிவிட்டால் அந்த ஆட்களுக்கே இன்ஸ்டாகிராமில் நம் விளம்பரத்தைக் காட்டலாம், நம்பர் யாருக்கும் தெரியாது என்கிறான் அண்ணன் மகன். செய்யலாமா?
– வீட்டுக்காரர்

பதில்: அந்த நோட்டு எனக்குத் தெரியும் அண்ணே. உங்கள் வீட்டு நோட்டை நான் பார்த்ததில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். முகப்பில் ஒரு ஸ்டூல், மேலே நீளவாக்கு நோட்டு, காணாமல் போகாமல் இருக்க நூல் கட்டிய பேனா. பெயர், ஊர், போன், வந்த நேரம், கிளம்பிய நேரம். கடைசிக் கட்டத்தில் யாராவது 'பணியாரம் சூப்பர்' என்று எழுதியிருப்பார். அந்த ஆள் நம்பரைத் தந்தது ராத்திரி வழி தெரியாவிட்டால் நீங்கள் கூப்பிடுவதற்கு. விளம்பரக் கம்பெனியிடம் கொடுப்பதற்கு இல்லை.

நம்பர் யாருக்கும் தெரியாது என்று உங்கள் அண்ணன் மகன் சொல்வது பாதி உண்மை. ஏற்றும்போது நம்பர் அப்படியே போகாது, ஹேஷிங் என்ற முறையில் புரியாத எழுத்துக் கோவையாக மாறித்தான் போகும். ஆனால் ஒரே நம்பரை எத்தனை தடவை மாற்றினாலும் ஒரே கோவைதான் வரும். அதனால் மெட்டா தன்னிடம் இருக்கும் கணக்குகளின் நம்பர்களையும் அதே மாதிரி மாற்றி, ஒத்துப்போகிறவரைப் பிடித்துவிடும். நம்பரைப் படிக்க வேண்டியதே இல்லை. 'பணியாரம் சூப்பர்' எழுதியவரிடம் நீங்கள் இதை நேரில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவேளை சரி என்றே சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை, அதுதான் விஷயம்.

நம் நாட்டில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. எதற்காக என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், கொடுத்தது எவ்வளவு சுலபமோ அதே சுலபத்தில் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும். தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் அறிவிப்பைப் படிக்கவும் வழி செய்யச் சொல்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, முக்கியமான கடமைகளுக்கு அங்கிருந்து 18 மாதம் அவகாசம். ஆனால் உங்கள் நோட்டில் 'சலுகை, செய்தி அனுப்பலாமா? ஆம் / இல்லை' என்று இன்னொரு கட்டம் போட 18 மாதம் வேண்டியதில்லை, ஒரு ஸ்கேல் இருந்தால் போதும். 'ஆம்' என்பதில் நீங்களே டிக் போட்டு வைக்காதீர்கள். பழைய ஆறு வருஷத்தை நோட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் சாப்பிடும்போது கவுனி அரிசி பற்றிப் பேசினோம். போனில் நான் எதுவும் தேடவில்லை. மறுநாள் காலையில் ஃபேஸ்புக்கில் கவுனி அரிசி விளம்பரம்! போன் ஒட்டுக் கேட்கிறதா?
– காரைக்குடி வாசகர்

பதில்: ஃபேஸ்புக் மைக்கில் ஒட்டுக் கேட்டு விளம்பரம் போடுகிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் வந்ததில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. நிறைய கடைகள் தங்கள் இணையதளத்தில் மெட்டாவின் 'பிக்சல்' என்ற சின்ன நிரலை வைத்திருக்கின்றன, எந்தப் பொருளை யார் பார்த்தார் என்று அது போய்ச் சொல்லிவிடும். ஒரே வைஃபையில் இருக்கும் போன்களை ஒரே வீடு என்று ஊகிப்பதும் விளம்பரத் தொழிலில் சகஜம். சந்தேகம் தீரவில்லை என்றால் அந்த ஆப்புக்கு மைக் அனுமதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்புறமும் வந்தால், அன்று உங்களோடு சாப்பிட்டவர்களில் யார் கவுனி அரிசி விலை பார்த்தார்கள் என்று விசாரியுங்கள். எங்கள் வீட்டில் அது என் மாமியார்.