ஆட்டிசம் பற்றி ஊடகங்களில் பேசும்போது ஆட்டிசம் உள்ளவர்களுக்கே பேச இடம் கிடைக்கிறதா? பெற்றோரும் நிபுணர்களும் பேசினால் போதாதா?

கிடைக்கிறது. முன்பைவிட இப்போது நிறையவே கிடைக்கிறது. ஆனால் எதைப் பேசக் கிடைக்கிறது என்பதுதான் விஷயம். "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். "இதற்கு என்ன செய்யலாம்?" என்பதை வேறு யாரிடமோ கேட்கிறார்கள். வயது வந்த பிறகு ஆட்டிசம் என்று உறுதி செய்யப்பட்டவன் நான். அதன் பிறகு இந்தத் துறையில் வரும் செய்தி, பேட்டி, படம் எதையும் விடாமல் பார்த்து வருகிறேன். இந்த ஒரு வழக்கம் மட்டும் பெரிதாக மாறவில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் காரணம் புரியும். லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 1943ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. அதில் வரும் முதல் குழந்தை டொனால்ட். அவனைப் பற்றி அவன் அப்பா 33 பக்கக் கடிதம் ஒன்றை கேனருக்கு அனுப்பியிருந்தார். என்ன சாப்பிடுவான், எதைச் சுழற்றி விளையாடுவான், யாரைக் கண்டுகொள்ள மாட்டான் என்று எல்லாம் அதில் இருந்தது. கேனர் தன் கட்டுரைக்கு அந்தக் கடிதத்தை நிறையவே எடுத்துக்கொண்டார். ஆக, ஆட்டிசத்தைப் பற்றிய எழுத்து தொடங்கும்போதே ஒரு பெற்றோர் சொல்கிறார், ஒரு மருத்துவர் எழுதுகிறார். டொனால்ட் வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், தனியாகப் பல நாடுகளுக்குப் போய் வந்தார். பத்திரிகையாளர்கள் இருவர் அவரைத் தேடிப்பிடித்து நீண்ட கட்டுரை ஒன்றை எழுதியது 2010ல். அப்போது அவருக்கு 77 வயது.

பெற்றோர் மீது எனக்குக் கோபம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கும் யாரும் மைக்கைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 1950களிலும் 60களிலும், தாய் பாசம் காட்டாததால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வருகிறது என்று பெரிய பெரிய ஆட்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் அதைப் புத்தகமாகவே எழுதி ஊரெல்லாம் பரப்பினார். அந்தக் காலத்தில் ஒரு அம்மா தன் பிள்ளையைப் பற்றி வாயைத் திறந்தாலே குற்றவாளிக் கூண்டில்தான் நிற்க வேண்டும். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964ல் ஒரு புத்தகம் எழுதி, இதன் காரணம் உடலில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று வாதாடினார். பெற்றோர் சங்கங்கள் அதன் பிறகு வலுப்பெற்றன. போராடிப் பெற்ற இடத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அவர்கள் பேசிக்கொண்டிருந்த குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். வளர்ந்த பிறகும் ஊடகத்துக்கு ஆட்டிசம் என்றால் குழந்தைதான், பேச வேண்டியவர் அம்மாதான்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு உதாரணம். 2006ல் ஆட்டிசம் ஸ்பீக்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு ஒரு ஆவணப்படம் வெளியிட்டது. தாய்மார்கள் தங்கள் அன்றாடக் கஷ்டங்களைச் சொல்கிறார்கள். அதில் ஒரு தாய், ஆட்டிசம் உள்ள மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்திலிருந்து கீழே பாய்ந்துவிடலாமா என்று நினைத்ததைச் சொல்கிறார். அப்படிச் செய்யாததற்கு வீட்டில் இருந்த இன்னொரு மகள்தான் காரணம் என்கிறார். அவர் இதைச் சொல்லும்போது அந்த ஆட்டிஸ்டிக் மகள் அதே அறையில் இருக்கிறாள், திரையிலும் தெரிகிறாள். அந்தத் தாயின் சோர்வு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள், எடிட்டிங் மேசையில் இருந்தவர்கள், படத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்கள் யாருக்குமே 'அந்தப் பெண் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளே' என்பது உறைக்கவில்லை பாருங்கள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று முடிவே செய்துவிட்டார்கள். 2005ல் தொடங்கிய அந்த அமைப்பின் இயக்குநர் குழுவில் ஆட்டிசம் உள்ளவர்கள் முதன்முதலாக இடம் பெற்றது 2015 இறுதியில்.

எதிர்த்துப் பேசினால் பலன் இல்லாமலும் இல்லை. 2007 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு பல்கலைக்கழகக் குழந்தைகள் நல மையம் ஊரெங்கும் விளம்பரம் வைத்தது. ஆள்கடத்தல் மிரட்டல் கடிதம் போன்ற வடிவம். 'உங்கள் மகன் எங்கள் பிடியில்' என்று தொடங்கி, அடியில் 'ஆட்டிசம்' என்று கையெழுத்து. ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க் என்ற அமைப்பு அப்போது தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. மற்ற மாற்றுத்திறனாளி அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, மின்னஞ்சல், தொலைபேசி, கையெழுத்து இயக்கம் என்று அவர்கள் இறங்கினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கும் முன்னால், 1993லேயே ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிஸ்டிக் செயற்பாட்டாளர் டொராண்டோ மாநாட்டில் பெற்றோரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை கிடைக்காத துக்கம் உங்களுடையது, அதை இருக்கிற குழந்தையின் தலையில் ஏற்றாதீர்கள் என்பது அதன் சாரம். இப்போது படித்தாலும் அதில் ஒரு வரி பழையதாகத் தெரியவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு பத்திரிகையிலிருந்து பேட்டி கேட்டார்கள். தொலைபேசியில் யோசித்துப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டம், எழுதித் தருகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். வந்த கேள்விகள்: சின்ன வயதில் எப்போது வித்தியாசமாக உணர்ந்தீர்கள்? நண்பர்கள் இருந்தார்களா? அம்மா உங்களால் எவ்வளவு கஷ்டப்பட்டார்? கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினேன். கேட்காததையும் சேர்த்து எழுதினேன். வேலைக்கான நேர்முகத் தேர்வு கண்ணைப் பார்த்துப் பேசத் தெரிகிறதா என்பதைத்தான் சோதிக்கிறது, வேலை தெரிகிறதா என்பதைச் சோதிப்பதில்லை. அதை மாற்ற என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதியிருந்தேன். இதழ் வந்தது. அம்மாவின் படம் பெரிதாக, என் படம் ஓரமாக. நான் எழுதியதில் 'கூட்டத்தில் சத்தம் தாங்க முடியாது' என்ற ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. வேலைவாய்ப்பு பற்றி ஒரு மருத்துவர் அரைப் பக்கம் பேசியிருந்தார். ஆட்டிசம் உள்ளவர்களை எளிய, திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளில் அமர்த்தலாமாம். அம்மா படித்துவிட்டு, "நீ எழுதினதைப் போட்டிருந்தாலே போதுமே, என்னை எதுக்கு இழுத்தாங்க?" என்று கேட்டார்.

அந்த நிருபர் நல்லவர். என்னை மட்டம் தட்ட வேண்டும் என்று அவர் எதுவும் செய்யவில்லை. அவர் கையில் ஏற்கெனவே ஒரு அச்சு இருந்தது: அம்மா அழ வேண்டும், மருத்துவர் விளக்க வேண்டும், நான் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். தொலைக்காட்சியில் அந்த அச்சு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஆட்டிசம் உள்ளவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கேமரா முகத்தை விட்டு இறங்கி, விரல்களை ஆட்டும் கைக்கு வரும். பின்னணியில் சோகமாகப் பியானோ. பதில் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை வெட்டி எறிந்திருப்பார்கள், அல்லது அதையே நீட்டி, பாவம் என்று தோன்ற வைத்திருப்பார்கள். அவர் என்ன சொன்னார் என்பது பார்த்தவர்களுக்கு நினைவில் இருக்காது. கைதான் நினைவிருக்கும்.

சினிமா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988ல் வந்த 'ரெயின் மேன்' படத்துக்குப் பிறகுதான் ஆட்டிசம் என்ற சொல்லே பலருக்குத் தெரிய வந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதில் வரும் ஆட்டிசம் உள்ள பாத்திரம் பெரிய கணக்குகளையும் மனதிலேயே போட்டுவிடும். அதன் பிறகு எங்களைப் பார்ப்பவர்கள் எல்லாம் மனக்கணக்கு போடச் சொன்னார்கள். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் என்பவருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல, வேறு ஒரு மரபணுக் கோளாறு என்று பின்னாளில் மருத்துவர்கள் கருதினார்கள். 2021ல் வந்த 'மியூசிக்' படத்தில், பேச்சு இல்லாத ஆட்டிஸ்டிக் பெண்ணாக ஆட்டிசம் இல்லாத ஒருவர் நடித்தார். ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணை வைத்து முயன்றதாகவும், அவருக்குப் படப்பிடிப்பு சிரமமாக இருந்ததாகவும் இயக்குநர் சியா சொன்னார். சிரமம் என்று தெரிந்ததும் ஆளை மாற்றினார்கள். விளக்கை, கூட்டத்தை, வேலை நேரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று அந்தப் பதிலில் எங்கும் இல்லை. அதற்கு ஓராண்டு முன்பே பிக்ஸார் 'லூப்' என்ற குறும்படத்தில் பேச்சு இல்லாத பாத்திரத்துக்கு, பேச்சு இல்லாத ஆட்டிஸ்டிக் இளம்பெண் ஒருவரையே ஒலி கொடுக்க வைத்தது. செய்ய மனம் இருந்தால் வழி இருக்கிறது.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதியில் இருப்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்புதான். "நீங்கள் பேசுகிறீர்கள், எழுதுகிறீர்கள். என் பிள்ளைக்கு ஒரு வார்த்தை வராது. அவனுக்காக நான் பேசாமல் நீங்களா பேசுவீர்கள்?" நியாயமான கேள்வி. என்னால் அந்தப் பிள்ளையாக இருந்து பேச முடியாது. ஆனால் அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுக்கும்போது அது அடம் இல்லை, வலி என்று உள்ளிருந்து சொல்ல முடியும். பெற்றோரால் பத்து வருடம் கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டியதை, அதே வலி உள்ள ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பெற்றோர் பேசட்டும். பிள்ளையை வளர்ப்பது எப்படி இருக்கிறது என்பதற்கு அவர்கள்தான் சாட்சி. பிள்ளையாக இருப்பது எப்படி என்பதற்கு இல்லை.

பேச்சு இல்லாதவர்களும் பேசியிருக்கிறார்கள். மெல் பேக்ஸ் என்ற ஆட்டிஸ்டிக் செயற்பாட்டாளர் 2007 ஜனவரியில் யூடியூபில் ஒரு காணொளி போட்டார். முதல் சில நிமிடங்களுக்கு ஒரு சொல் கிடையாது. ஒருவர் முன்னும் பின்னும் ஆடுகிறார், ஒரே சுருதியில் முனகுகிறார், குழாய்த் தண்ணீரில் விரலை விட்டு அளைகிறார். பார்ப்பவர் 'ஐயோ பாவம்' என்று முடிவு கட்டும் நேரத்தில், அவர் தட்டச்சு செய்ததைக் கணினிக் குரல் வாசிக்கத் தொடங்குகிறது. தண்ணீரோடு விளையாடுவது அதனோடு உரையாடுவதுதான், அதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டியதில்லை என்கிறார். உங்கள் மொழியை நான் கற்றால்தான் என்னைச் சிந்திப்பவராக ஏற்கிறீர்கள், என் மொழியைக் கற்க உங்களுக்குத் தோன்றுவதே இல்லையே என்கிறார். முதல் பாதியில் யாரைப் பார்த்துப் பரிதாபப்பட்டோமோ, அவரே இரண்டாவது பாதியில் நம்மிடம் நேருக்கு நேர் வாதம் செய்கிறார். பலருக்கு அன்றுதான் முதன்முதலாக அது நடந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பேச்சு இல்லாதவரின் கையைப் பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் தட்டச்சு செய்ய உதவும் முறை ஒன்று 1990களில் பெரிதாகப் பரவியது. பிறகு சோதித்துப் பார்த்தார்கள். உதவியாளருக்கு ஒரு படம், ஆட்டிசம் உள்ளவருக்கு வேறு படம் காட்டினால், பலகையில் வந்தது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். உதவியாளர்கள் ஏமாற்ற நினைக்கவில்லை, தங்களை அறியாமலேயே கையை நகர்த்தியிருக்கிறார்கள். ஒருவர் வாயில் அவர் சொல்லாததை வைப்பது அவரை ஊமையாக்குவதைவிட மோசம் என்று நான் நினைக்கிறேன். அதனால் ஒருவர் தானாகவே டேப்லெட்டைத் தொட்டுச் சொல்கிறாரா, படத்தைக் காட்டிச் சொல்கிறாரா என்று ஊடகம் பார்க்க வேண்டும். மெதுவாக வந்தாலும் அது அவருடைய சொல்.

ஊடகத்தில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால்: கேள்விகளை முன்கூட்டியே அனுப்புங்கள். எழுத்தில் பதில் வந்தால் அதையும் பேட்டியாகவே மதியுங்கள். பின்னணிச் சத்தமும் கண்கூசும் விளக்கும் இல்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி, வேலை, சிகிச்சை, சட்டம் பற்றிய கேள்விகளை மருத்துவருக்குப் போகும் முன் எங்களிடமும் கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் வெட்டாமல் போடுங்கள். நிகழ்ச்சிக்கு வரும் நிபுணருக்கு மதிப்பூதியம் கொடுக்கிறீர்கள் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து அதே நேரம் பேசும் ஆட்டிஸ்டிக் நபருக்கும் அதே தொகையைக் கொடுங்கள்.