தாலிக்கொடி அடைவுக்குப் போக வேண்டாம்

கேள்வி: மகள் இந்தமுறை உயர்தரம், கணிதப் பிரிவு. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் புலமைப்பரிசிலோடு இடம் எடுத்துத் தர ஒரு முகவர் எட்டு லட்சம் கேட்கிறார். எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல்தான். தாலிக்கொடியை அடைவு வைக்கலாமா?
– ஓர் அம்மா, விசுவமடு

பதில்: வேண்டாம் அம்மா. அந்த இடங்களை முகவரால் வாங்கித் தர முடியாது.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி ஆகியவை வெளிநாட்டுப் பிள்ளை என்றாலும் வீட்டு வசதியைப் பார்த்து இடம் மறுப்பதில்லை. இடம் கிடைத்தால், உங்களால் கட்ட முடியாத மிச்சத்தை அவர்களே தருவார்கள். 2025-26 கல்வியாண்டிலிருந்து, வருட வருமானம் ஒரு லட்சம் டொலர் வரையுள்ள சாதாரண குடும்பத்திடம் ஹார்வர்ட் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எதற்கும் காசு கேட்பதில்லை. ஆனால் வேறு பல பல்கலைக்கழகங்கள், உதவி கேட்கும் வெளிநாட்டுப் பிள்ளையை எடுக்கவே யோசிக்கும். விண்ணப்பிக்க முதல் அதை விசாரியுங்கோ.

உங்கள் வேலை, இல்லாமையைக் கடதாசியில் காட்டுவது. நிதியுதவி கேட்க நிரப்பும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தை ரூபாய்க் கணக்கிலேயே நிரப்பலாம். வயல்காரருக்குச் சம்பளத் துண்டு இல்லை. ஆகவே இன்றைக்கே ஒரு கொப்பி போடுங்கோ. பெரும்போகம் ஒரு பக்கம், சிறுபோகம் ஒரு பக்கம்: நெல் விற்ற காசு, உரம், உழவு இயந்திரக் கூலி. மழையில் நனைந்து மை கலைந்த நெல் துண்டையும் எறியாதேங்கோ. வெள்ளம் அழித்த போகம் இருந்தால் படிவத்தின் விளக்கப் பகுதியில் எழுதுங்கோ. கிராம அலுவலர் மூலம் வருமானச் சான்று எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றுங்கோ. 2009 இல் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதி எடுக்க இப்பவே விண்ணப்பியுங்கோ. எதையும் கூட்டிக் குறைத்து எழுத வேண்டாம்.

விண்ணப்பங்கள் ஜனவரி முதல் வாரத்தோடு முடியும். பெரும்போக நெல் வீடு வராத, கையில் காசில்லாத நேரம். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்குக் கேட்கலாம், அது வெட்கமில்லை. காசு செலவழிப்பதென்றால் அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்ஏடி பரீட்சைக்கும் ஆங்கிலத்துக்கும் செலவழியுங்கோ. கொழும்பிலுள்ள எடியுகேஷன்யுஎஸ்ஏ என்ற அமெரிக்க அரசின் கல்வி வழிகாட்டல் நிலையம் ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

ஒன்றையும் மறைக்கக்கூடாது: ஹார்வர்டில் நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்குக்கூட இடமில்லை. அதனால் உள்ளூர் விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். இங்கே 55 வீத இடங்கள் மாவட்ட அடிப்படையில். முல்லைத்தீவு, பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக 5 வீதத்திலும் இருக்கிறது. யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான், உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை.