செல்லப்பிராணி கேள்வி - பதில்: "சனிக்கிழமை ஓடியாடிய கினி பிக், ஞாயிறு காலையில் மூலையில்..."

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இரண்டு வருடமாக ஒரு கினி பிக் (வாலில்லாத, எலி இனத்துச் சின்னப் பிராணி) வளர்க்கிறாள். பெயர் பஞ்சு. சனிக்கிழமை ராத்திரி வரை ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாலே கீச் கீச்சென்று கத்தும். ஞாயிறு காலையில் பார்த்தால் ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது, வெள்ளரிக்காயைக் கிட்டே கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெருமுனை கிளினிக்கில் "நாய், மாடுன்னா பார்ப்பேன், இது எனக்குப் பழக்கமில்லைம்மா" என்று சொல்லிவிட்டார்கள். பதற்றத்தில், சின்னவனுக்கு வாங்கி மிச்சமிருந்த அமாக்சிசிலின் சிரப்பில் அரை மில்லி கொடுத்துவிட்டேன். மறுநாள் பேதி. அப்புறம் தஞ்சாவூரில் முயல், பறவையெல்லாம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் ஓடினோம், ஐந்து நாள் சிகிச்சையில் பிழைத்துவிட்டது. திடீரென்று ஏன் இப்படி ஆனது? நான் கொடுத்த மருந்துதான் காரணமா? வெள்ளரி, கொஞ்சம் சாதம், கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் பெல்லட் (குச்சி குச்சியான உலர்தீனி), இதுதான் அதன் சாப்பாடு. இன்னொரு முறை வந்தால் என்ன செய்வது? மகள் ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய் அதைப் பார்க்கிறாள். - வாசகி, திருச்சி

பதில்: முதலில் மருந்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மனதை அதுதான் அரிக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஞாயிறு காலை மூலையில் உட்கார்ந்ததற்கு உங்கள் சிரப் காரணமில்லை, அது நீங்கள் கொடுப்பதற்கு முன்பே நடந்தது. மறுநாள் பேதிக்கு அநேகமாக அதுதான் காரணம். கினி பிக்கின் குடலில் நார்ச்சத்தைச் செரிக்க வைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியாகப் போனால் அந்தக் கூட்டத்தை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்கிற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கும். குழந்தைக்குப் பத்திரமான மருந்து இதற்கு உயிர் போகிற சமாச்சாரம். முயலுக்கும் அப்படித்தான். நான் படித்து முடித்துவந்த புதிதில் நாய்க்குட்டிக்கு எழுதுகிற கையோடு ஒரு முயலுக்கும் இதையே எழுதிக்கொடுத்துவிட்டு, மறுநாள் அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றிருக்கிறேன். டாக்டருக்கே இந்தக் கதி என்றால், ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்ட ஆளில்லாமல் தவித்த அம்மாவை நான் என்ன சொல்ல? மிச்ச மருந்துப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது போதும்.

சரி, "திடீரென்று" என்கிறீர்களே, அதற்கு வருவோம். பஞ்சுவுக்கு எத்தனை நாளாக உடம்பு சரியில்லையோ நமக்குத் தெரியாது. இதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம். பருந்துக்கும் நரிக்கும் இரையாகிற சாதி, நோஞ்சானாகத் தெரிந்தால் முதலில் தூக்கப்படுவது அதுதான், அதனால் வலியை மறைப்பது பிறவிக் குணம். முடியவே முடியாது என்கிற கட்டத்தில்தான் மூலைக்குப் போகும். இந்த மறைப்பை உடைக்க எனக்குத் தெரிந்த ஒரே கருவி சமையலறைத் தராசு. வாரம் ஒருநாள், அதே நேரத்தில், ஒரு டப்பாவில் உட்காரவைத்து எடை போட்டு காலண்டரில் எழுதிவையுங்கள். வளர்ந்த கினி பிக் 700 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை இருக்கும். ஒரே வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கவனியுங்கள், 100 கிராம் குறைந்தால் அது சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். இந்த வேலையை மகளிடமே கொடுங்கள். ராத்திரி எழுந்து பார்ப்பதைவிட அந்த எண் அவளுக்குத் தைரியம் தரும்.

சாப்பாட்டில்தான் எனக்குப் பெரிய சந்தேகம். மனிதனைப் போலவே கினி பிக்கும் தன் உடம்பில் வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளாது. இரண்டு மூன்று வாரம் கிடைக்காவிட்டால் மூட்டு வலிக்கும், ஈறு வீங்கும், மெல்ல முடியாமல் சாப்பாட்டை நிறுத்திவிடும். வெள்ளரிக்காய் பெரும்பாலும் தண்ணீர். சாதம் வேண்டவே வேண்டாம், மாவுச்சத்து குடலில் புளித்து வாயுவாகிவிடும். கிலோ கணக்கில் மூட்டை பிரித்து விற்கும் பெல்லட்டில் வைட்டமின் சி சேர்த்தே இருந்தாலும், மாதக்கணக்கில் திறந்து கிடந்தால் அது போய்விடும். ஒரு கிலோ எடையுள்ள கினி பிக்குக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். இதற்காக ஆன்லைனில் எதுவும் தேட வேண்டாம்: ஒரு துண்டு குடைமிளகாய், விதை நீக்கிய கொய்யா கொஞ்சம், ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை. முருங்கைக்கீரை வாரத்துக்கு ஒரு முறை போதும், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் கல் வரும். குடிதண்ணீரில் வைட்டமின் சொட்டு கலக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும், ருசி பிடிக்காமல் தண்ணீரே குடிக்காமலும் போகும்.

ஆனால் இதற்கெல்லாம் மேலே, புல். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிற பிராணி இது. நாள் முழுக்க நார் அரைத்தால்தான் பல்லும் தேயும், குடலும் ஓடும். பிள்ளையாருக்குக் கட்டி விற்கிறார்களே அருகம்புல், அதை வாங்கி அலசித் தண்ணீர் வடித்துப் போடுங்கள், ஆசையாகத் தின்னும். காய்ந்த புல் கூண்டில் எந்நேரமும் குவிந்திருக்க வேண்டும். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது. இன்னொன்று, திருச்சி வெயில். 30 டிகிரியைத் தாண்டினாலே இது திணறும். மொட்டை மாடி ஷீட்டுக்குக் கீழே கூண்டு இருந்தால் இன்றைக்கே கீழே இறக்குங்கள். தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரத்தில் வைத்தால் அதுவாகவே போய் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

மறுபடி வந்தால்? இதற்கு மட்டும் கடிகாரத்தைப் பாருங்கள். நாய் ஒருநாள் சாப்பிடாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடலாம். கினி பிக் 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசரம். உணவு உள்ளே போகாவிட்டால் குடல் நின்றுவிடும், நின்ற குடலில் வாயு சேரும், வாந்தி எடுக்கவும் இதற்கு வராது. முதலில் வயிற்றை விரலால் மெதுவாகத் தொடுங்கள். மத்தளம் மாதிரி உப்பி விறைத்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் நேராக டாக்டரிடம் போங்கள். மெத்தென்று இருந்தால், பெல்லட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். துண்டில் சுற்றி மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து, அரை மில்லிக்கும் குறைவாக விட்டு, மெல்லுகிறதா என்று பாருங்கள். தாடை அசைந்து விழுங்கிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டவே கூடாது. இது டாக்டரிடம் போய்ச் சேரும் வரைக்கும்தான், வைத்தியம் இல்லை.

தஞ்சாவூர் டாக்டரின் எண்ணை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவையுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாரா என்று இப்போதே கேட்டுவையுங்கள். சென்னை வாசகர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு, போவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது கடைசியாகப் போட்ட புழுக்கையையும், கொடுத்த மருந்தின் பெயரையும் மறக்காமல் கொண்டுபோங்கள். பஞ்சுவுக்கு ஜோடி இருந்தால் அதையும் கூடவே கூட்டிப்போகலாம், பயம் குறையும்.

கேள்வி: போன டிசம்பரில் எங்கள் ஹாம்ஸ்டர் (எலி மாதிரி ஒரு குட்டிச் செல்லப்பிராணி) காலையில் ஜில்லென்று சுருண்டு கிடந்தது. செத்துவிட்டது என்று குழி தோண்டப் போனோம், கையில் எடுத்ததும் மீசை ஆடியது! இது என்ன வியாதி? - வாசகர், கோத்தகிரி

பதில்: வியாதி இல்லை, குளிர் உறக்கம். குளிர் அதிகமாகி, வெளிச்சமும் தீனியும் குறைந்தால் சில ஹாம்ஸ்டர்கள் உடம்பின் இயக்கத்தை அடக்கிக்கொண்டு தூங்கிவிடும். மூச்சு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாகிவிடும். நல்லவேளை மீசை ஆடியது. இப்படி ஆனால் வெந்நீரில் போடாதீர்கள், ஹீட்டர் முன்னால் வைக்காதீர்கள். உள்ளங்கைக்குள் வைத்து, 20 டிகிரிக்கு மேல் இருக்கும் அறையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுங்கள், அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். நன்றாக முழித்த பிறகு சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு, அப்புறம் தீனி. அன்றைக்கே டாக்டரிடமும் காட்டிவிடுங்கள், எல்லா ஹாம்ஸ்டரும் இதிலிருந்து மீண்டு வருவதில்லை. இந்த டிசம்பரில் கூண்டை ஜன்னல் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்து, கிழித்த டிஷ்யூ பேப்பரைத் தாராளமாகப் போட்டுவையுங்கள்.