மாஃபியா தலைவர்கள் மனமகிழ் மன்றங்களில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருந்தது ஏன்? டர்பனில் அப்படி உண்டா?

சென்னையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நியூயார்க் மாஃபியா தலைவர்கள் தெருவோர மன்றங்களில் தினமும் போய் உட்கார்ந்திருந்தார்கள் என்று படித்தேன். போலீஸுக்கும் பத்திரிகைக்கும் தெரிந்த இடத்தில் உட்காருவது முட்டாள்தனம் இல்லையா? நீங்கள் வாழும் தென்னாப்பிரிக்காவில், நம்மவர் பகுதிகளில் இப்படி இடங்கள் உண்டா?"

முட்டாள்தனம் இல்லை. சரக்கை ஒளித்து வைக்கலாம், பணத்தையும் ஒளித்து வைக்கலாம். தலைவனை ஒளித்து வைத்தால் கொஞ்ச நாளில் வேறொருவன் தலைவனாகிவிடுவான். நான் டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கால்பந்துச் சங்கத்துக்கு நீண்ட காலம் கணக்கு எழுதியவன். ஒரு சிறிய சங்கம் யார் காசில் ஓடுகிறது, எப்படிக் கைமாறுகிறது என்பதை நோட்டுப் புத்தகத்தின் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். நியூயார்க் கதையையும் அந்தப் பக்கமிருந்தே படிக்கிறேன்.

அங்கே இந்த மன்றங்கள் குற்றத்துக்காகப் பிறந்தவை அல்ல. இத்தாலியின் தெற்கிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஊருக்கு ஒரு சங்கம் வைத்தார்கள். நோய்க்கும் சாவுக்கும் உதவிப் பணம், மாலையில் காப்பி, சீட்டு, சொந்த ஊர்ப் பேச்சு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த நம் முன்னோர்கள் நேட்டாலில் வைத்த ஈமச்சடங்கு உதவிச் சங்கங்களும் கோவில் சங்கங்களும் இதே தேவையில் முளைத்தவைதான். தெருவைப் பார்த்த ஒரு கடை அறை, கண்ணாடியில் உள்ளே தெரியாதபடி பூச்சு, உறுப்பினர் மட்டும் என்று ஒரு பலகை, காப்பி இயந்திரம், சீட்டு மேசை. பெண்களுக்கு இடமில்லை. இப்படி ஓர் அறை சட்டப்படி சுத்தமாக இருக்கலாம். அதனால்தான் அது வசதியான இடமாயிற்று.

இவற்றில் பெயர் பெற்றது மன்ஹாட்டனில் மல்பெரி தெரு 247ஆம் எண் கட்டடத்தில் இருந்த ரேவனைட் மன்றம். 1926இல் ஆல்ட்டோ நைட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. பின்னாளில் காம்பினோ 'குடும்பம்' என்ற மாஃபியாக் கும்பலின் துணைத் தலைவர் அனியெல்லோ டெல்லக்ரோச்சே அங்கே இருந்துகொண்டு காரியம் பார்த்தார். பிறகு அதே குடும்பத்துக்குத் தலைவரான ஜான் காட்டி, குவீன்ஸ் பகுதியின் ஓசோன் பார்க்கில் வளர்ந்த இடத்துக்கு பெர்கின் வேட்டை, மீன்பிடி மன்றம் என்று பெயர். வேட்டையும் கிடையாது, மீனும் கிடையாது. கிழக்கு ஹார்லெமில் பால்மா பாய்ஸ் மன்றம். ஜெனோவீஸ் குடும்பத்தின் டோனி சலெர்னோ சுருட்டும் தொப்பியுமாக அதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமாகப் படுவது, மன்றத்துக்கு வராத ஒருவரின் கதை. காம்பினோ குடும்பத்தின் தலைவர் பால் காஸ்டெல்லானோ ஸ்டேட்டன் தீவில் ஒரு மாளிகையில் இருந்தார். இறைச்சி வியாபாரமும் கட்டுமானமும் பார்த்த அவருக்குத் தெருமுனை மன்றங்கள் பிடிக்கவில்லை. கீழே இருப்பவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பது அரிது. 1985 டிசம்பர் 2ஆம் தேதி டெல்லக்ரோச்சே நோயால் இறந்தார். வழக்குகள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த காஸ்டெல்லானோ, போலீஸ் படமெடுக்கும் என்று துக்கத்துக்குப் போகவில்லை. நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்று வளர்ந்த நமக்கு இதன் கனம் விளக்காமலே புரியும். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 16ஆம் தேதி மாலை, ஓர் உணவகத்தின் வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். காரணங்கள் வேறும் இருந்தன. போதைப்பொருள் வழக்கு, ஒலிநாடாக்கள், பங்குச் சண்டை எல்லாம் உண்டு. ஆனால் துக்கத்துக்கு வராத தலைவனுக்காக அவருடைய குடும்பத்துக்குள் பெரிதாக ஒருவரும் கிளம்பவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்தக் கொலையை நடத்தித் தலைவரானவர் ஜான் காட்டி. அவர் நேர் எதிராகச் செய்தார். குழுத் தலைவர்கள் எல்லோரும் ரேவனைட்டுக்கு ஒழுங்காக வந்து முகம் காட்ட வேண்டும் என்று கட்டளை போட்டார். வராதவன் மேல் சந்தேகம். யார் முதலில் கை கொடுக்கிறார்கள், யார் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், யாரைத் தோளில் கைபோட்டு வெளியே நடக்க அழைத்துப் போகிறார் என்பதெல்லாம் தெருவில் எல்லோரும் பார்க்க நடந்தது. அதிகாரம் என்பது அங்கே ஒரு வருகைப் பதிவேடு.

அந்தப் பதிவேட்டை எஃப்.பி.ஐ.யும் எழுதிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு கட்டடத்தின் சன்னலிலிருந்து வருவோர் போவோரைப் படமெடுத்தார்கள். யார் உறுப்பினர், யார் யாருக்குக் கீழே என்று உளவாளிகளை வைத்து ஆண்டுக்கணக்கில் தேட வேண்டிய பட்டியல், காட்டியின் கட்டளையால் தானாகக் கிடைத்தது. மன்றத்துக்குள் ஒலிவாங்கி வைத்தும் பெரிய பயனில்லை. இரைச்சல், பாட்டு, ஜாடைப் பேச்சு. முக்கியமான பேச்சு மாடியில் ஒரு வயதான விதவையின் குடியிருப்பில் நடக்கிறது என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மாள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, 1989இன் கடைசியில் அங்கே ஒலிவாங்கி பொருத்தினார்கள். காட்டி தன் வாயாலேயே கொலைகளைப் பற்றிப் பேசியது பதிவாயிற்று. 1990 டிசம்பர் 11ஆம் தேதி அவரைக் கைது செய்ததும் அதே ரேவனைட்டில்தான். அவருடைய துணைத் தலைவர் சாமி கிராவானோ அந்த ஒலிநாடாக்களில் தன்னைப் பற்றிக் காட்டி சொன்ன குறைகளைக் கேட்டார்; 1991இல் அரசுத் தரப்புச் சாட்சியானார். அதற்கு முந்தைய வழக்குகளிலிருந்து தப்பி வந்த காட்டிக்கு 1992இல் ஆயுள் தண்டனை. 2002இல் சிறை மருத்துவமனையில் இறந்தார்.

கிரீன்விச் வில்லேஜின் சல்லிவன் தெருவில் இருந்த டிரையாங்கிள் மன்றத்தை வைத்திருந்த வின்சென்ட் ஜிகாந்தே ஒரு விசித்திரம். மனநிலை சரியில்லாதவர் போலக் குளியல் அங்கியோடு தெருவில் முணுமுணுத்துக்கொண்டு நடப்பார், மன்றத்துக்குள் சீட்டாடுவார். தன் பெயரை ஒருவரும் உச்சரிக்கக் கூடாது, தேவைப்பட்டால் தாடையைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்பது அவருடைய விதி. வாசலில் உட்கார்ந்திருந்த சலெர்னோ 1987இல் 100 ஆண்டு தண்டனை வாங்கினார். ஜெனோவீஸ் குடும்பத்தின் உண்மையான தலைவர் ஜிகாந்தேதான் என்பது பிறகு வெளிப்பட்டது. ஜிகாந்தேயும் 1997இல் தண்டனை பெற்றார், 2003இல் பைத்தியம் நடிப்பு என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் மற்றவர்களைவிட அதிக காலம் வெளியே இருந்தவர் அவர்.

அக்கம்பக்கத்தார் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று சிலர் பின்னூட்டத்தில் கேட்பார்கள், அதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயம் பாதி. மீதி கடன். பெர்கின் மன்றம் ஜூலை 4ஆம் தேதிதோறும் தெருவுக்கே விருந்து வைத்து வாணவேடிக்கை நடத்தியது. காட்டிக்குத் தண்டனை அறிவித்த அன்று, புரூக்ளின் நீதிமன்ற வாசலில் ஆதரவாளர் கூட்டம் கார்களைக் கவிழ்த்தது.

இனி எங்கள் ஊர். நியூயார்க் மாதிரி பலகை மாட்டிய கும்பல் மன்றங்கள் இங்கே இல்லை, அதற்குக் காரணமும் உண்டு. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப்பகுதிச் சட்டம் எங்களை டர்பனின் கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் என்ற பழைய குடியிருப்புகளிலிருந்து பிடுங்கிப் போட்டது. 1964 முதல் சாட்ஸ்வொர்த்தில் வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். கூடிப் பேச இடம் கட்ட மறந்துவிட்டார்கள். கோவில் மண்டபம், கார் கொட்டில், மைதானத்தின் உடைமாற்றும் அறை, இவைதான் எங்கள் மன்றங்கள். அங்கேதான் 24 சீட்டை வைத்துக்கொண்டு, ஜாக்கை ராஜாவுக்கும் மேலே ஏற்றி, எங்கள் ஊரின் 'தண்ணி' என்ற சீட்டாட்டம் நள்ளிரவு வரை நடக்கும். கையில் நல்ல சீட்டு இருப்பவர் மேசையைக் குத்தும் சத்தத்தில் குழந்தைகள் எழுந்துவிடும்.

கும்பல்கள் இல்லாமல் இல்லை. 1940களிலும் 50களிலும் டர்பன் க்ரே தெருப் பகுதியில் கிரிம்சன் லீக், சலோட் என்ற பெயர்கள் பிரசித்தம். காவல் காக்கிறோம் என்று தொடங்கி, காவலுக்கே காசு கேட்கும் வழக்கமான பாதை. ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுனில் கும்பல்கள் ஷெபீன்களில், அதாவது வீட்டு மதுக்கடைகளில் கூடின. கறுப்பின மக்கள் மது வாங்குவதற்கு இருந்த தடை 1962இல்தான் நீங்கியது. ஆகவே அந்த இடமே சட்டவிரோதம், எந்த நேரமும் போலீஸ் வரும், வந்தால் மாமூல் வாங்கிக்கொண்டு போகும். இத்தாலியர்களுக்கு இருந்த சட்டப்பூர்வமான கதவு இங்கே பலருக்கு இல்லை.

சூதாட்டமும் வீட்டுக்கே வந்தது. சலெர்னோவின் பெரும் வருமானம் ஹார்லெமின் எண் சூதாட்டத்தில். எங்கள் பக்கத்தில் அதன் உறவினர் ஃபாஃபி: 36 எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கனவு. பணம் வசூலிப்பவர் வாசலுக்கே வருவார். என் ஆயா இரவு கண்ட கனவைக் காலையில் எண்ணாக்கிச் சில காசு கட்டுவார்; கந்த சஷ்டி விரதத்திலும் விடமாட்டார்.

அண்மைக் காலத்தில் நிலைமை மாறியிருக்கிறது. 2005 வாக்கில் 'சுகர்ஸ்' என்ற போதைப்பொருள் சாட்ஸ்வொர்த்தைப் பிடித்து ஆட்டியபோது, பணம் படைத்த புதிய ஆட்கள் வந்தார்கள். 2021 ஜனவரி 4ஆம் தேதி, பக்கத்து ஷால்கிராஸில் 'டெடி மாஃபியா' என்று அழைக்கப்பட்ட யகநாதன் பிள்ளை தன் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். போதைப்பொருள் வியாபாரத்தின் பெரும்புள்ளி என்று சொல்லப்பட்டவர். சுட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட இருவரைக் கூட்டம் கொன்று, தலையைத் துண்டித்து, தெருவில் எரித்தது. புரூக்ளினில் கவிழ்ந்த கார்கள் நினைவுக்கு வருகின்றன. இங்கே நடந்தது அதைவிடப் பல மடங்கு கொடூரம். மன்றம் ஏதும் தேவைப்படவில்லை, தெரு போதுமானதாக இருந்தது.

ஒரு சங்கம் எப்படி இப்படிப்பட்டவர் கைக்குப் போகிறது என்பதைச் சொல்கிறேன், இது நான் அறிந்த பகுதி. மிரட்டலில் தொடங்குவதில்லை, பாக்கியில் தொடங்குகிறது. மைதான வாடகை நிற்கிறது, லீக் நுழைவுக் கட்டணம் நிற்கிறது, வெளியூர் ஆட்டத்துக்கு வண்டி இல்லை. அப்போது ஒருவர் ரொக்கமாகக் கொடுப்பார், ரசீது கேட்கமாட்டார். பொருளாளருக்கு வயிற்றைக் கலக்க வேண்டிய இடம் அதுதான்: நன்கொடை கொடுத்த கடைக்காரர்கள் எல்லோரும் ரசீதும் பெயர்ப்பலகையும் கேட்பவர்கள். அடுத்த ஆண்டு கோப்பைக்கு அவர் தாயாரின் பெயர். அதற்கடுத்து அவர் மருமகன் பந்துகளுக்கும் சட்டைகளுக்கும் பொறுப்பு. பந்து இருக்கும் அறைக்குச் சாவி வேண்டுமல்லவா?

எங்கள் செயற்குழுவிலும் இப்படி ஒரு சட்டைத் தொகுப்பும் ஒலிபெருக்கியும் பேச்சுக்கு வந்தன. இளைஞர்கள் வாங்கலாம் என்றார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன், கிழிந்த சட்டையில் ஆடியவர்கள் அவர்கள். மேகசின் பேரக்ஸ் காலத்திலிருந்து சங்கத்தில் இருந்த ஒரு தாத்தா என்னைப் பார்த்து, "வாங்குவதை வாங்கிக்கொள் தம்பி. பிறகு ஞாயிற்றுக்கிழமை இரவு அறை வேண்டும் என்று கேட்டால், இல்லை என்று நீ போய்ச் சொல்வாயா?" என்றார். ஒருவரும் பேசவில்லை. வாக்கெடுப்பில் மறுத்தோம். அந்தப் பருவத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் சிலர் புதுச் சட்டை கொடுத்த வேறு அணிக்குப் போனார்கள்.

சட்டமும் இதைப் பார்க்கிறது. குற்றக் கும்பல்களுக்கு எதிரான அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டு ரிக்கோ சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1998இல் இங்கே திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டம் வந்தது. குற்றத்துக்குக் கருவியாகப் பயன்பட்ட கட்டடத்தையே நீதிமன்றம் வழியாக அரசு எடுத்துக்கொள்ளலாம். ரேவனைட் கட்டடத்தையும் அமெரிக்க அரசு அப்படித்தான் எடுத்து விற்றது. பிறகு அங்கே கடை வந்தது. ஆகவே சாவி கொடுக்கும் சங்கம் பெயரை மட்டுமல்ல, கூரையையும் இழக்கலாம்.

காட்டியின் கதையைப் பார்த்த பொனான்னோ குடும்பத் தலைவர் ஜோசப் மசினோ தன் ஆட்களின் மன்றங்களை மூடச் சொன்னார். அது அவரைப் பல ஆண்டுகள் காப்பாற்றியது. 2003இல் கைதாகி, 2004இல் குற்றவாளி என்று தீர்ப்பானபோது, அரசுத் தரப்புக்குப் போன முதல் நியூயார்க் குடும்பத் தலைவர் அவரே ஆனார். சிறைக்குள் தன் ஆளின் பேச்சை அரசுக்காகப் பதிவு செய்து கொடுத்தவரும் அவர்தான்.

எங்கள் சங்கத்தில் இப்போது 500 ராண்டுக்கு மேல் எந்த நன்கொடையும் வங்கி வழியாகத்தான் வர வேண்டும், கொடுப்பவர் பெயர் குறிப்பேட்டில் ஏற வேண்டும். வருமானம் குறைந்துவிட்டது. உடைமாற்றும் அறையின் கூரைக்குப் பாதிப் பணம்தான் சேர்ந்திருக்கிறது.